லங்கம் எங்கே போகிறது?

போஹோல் தீவில் "லங்கம்" என்றால் பறவை. அங்கே பிறந்த ஜெனலினுக்கும் அது பறவைதான். அப்பாவுக்குக் கட்டட வேலை கிடைத்து லகுனா ஏரிக்கரைக்குக் குடிவந்தார்கள். இங்கே பேசும் தகலோக் மொழியில் அதே லங்கம் எறும்பு! இதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தொலைக்கவில்லை.

ஆகஸ்டில் மொழி விழா. வகுப்பே சேர்ந்து கவிதை சொல்லும் போட்டி. ஒரு பாதிப் பிள்ளைகள், "லங்கம், லங்கம், எங்கே போறே?" என்று கேட்க வேண்டும். மறு பாதி, "கீழே, கீழே, மழை வருது!" என்று குனிந்து ஊர வேண்டும். முதல் ஒத்திகையில் எல்லாரும் குனிந்தபோது, ஜெனலின் மட்டும் கையை விரித்துப் பறந்தாள்.

"அடியே, எறும்புக்கு ரெக்கை முளைச்சிருச்சுடி!" என்று கத்தினாள் ட்ரிக்ஸி. பதில் சொல்லும் பாதிக்கு அவள்தான் தலைவி.

"எறும்பில்லடி, ஈசல்!" என்றது இன்னொரு வாண்டு. அன்றிலிருந்து ஜெனலின் பெயரே ஈசல்.

வகுப்பாசிரியை பெர்லிட்டா மேடம் நல்லவர்தான். ஆனால் கோப்பை என்று வந்துவிட்டால் கண்மண் தெரியாது. "நீ கடைசி வரிசையில நின்னு வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம். உன் தீவுப் பேச்சு எட்டிப் பார்த்துரும்" என்றார். பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது?

மீன் சந்தையிலிருந்து வந்த அம்மா, "உனக்கு என்ன குடுத்திருக்காங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். "எனக்குத் தனியா ஒரு வரிம்மா" என்று புளுகிவிட்டாள் ஜெனலின். அவ்வளவுதான். அம்மா போட்டியன்று மீன்கடைக்கே விடுமுறை விட்டுவிட்டாள்.

கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்கடியில் ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் அம்மா, "என் பொண்ணுக்குத் தனி வரி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையின் கடைசி வரிசையிலிருந்து ஜெனலின் அம்மாவையே பார்த்தாள். வாயை மட்டும் அசைத்தால் பெற்றவளுக்குத் தெரியாமலா போகும்?

"லங்கம், லங்கம், எங்கே போறே?"

ட்ரிக்ஸி வாயைத் திறந்தாள். விக்கல். மறுபடி திறந்தாள், மறுபடி விக்கல். பின்னே, மேடை ஏறுகிற நேரத்தில் புட்டோ என்கிற அரிசிப் பலகாரத்தை அள்ளி அள்ளி விழுங்கினால்? தலைவி தொடங்காமல் மற்றவர்கள் மரமாய் நின்றார்கள். மேடம் கீழே நின்று கையை ஆட்டுகிறார், ஆட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. பாவம், முதல் பாதி இன்னொரு தரம் கேட்டது:

"லங்கம், லங்கம், எங்கே போறே?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? ஜெனலினுக்குப் பொறுக்கவில்லை.

"மேலே, மேலே! மழையைப் பார்க்கப் போறேன்!"

கைகள் தாமாகவே விரிந்துவிட்டன. கூட்டத்தின் பின்னால் நின்ற தீவுக்காரத் தொழிலாளிகள் விசிலடித்தார்கள். "அப்படிப் போடு! நம்ம லங்கம் பறக்கும்டா!"

ட்ரிக்ஸிக்கு ரோஷம் வந்தது. வந்த ரோஷத்தில் விக்கல் ஓடிப்போனது. "கீழே, கீழே, மழை வருது!" என்று ஊர்ந்தாள். முதல் பாதிக்குக் குஷி தாங்கவில்லை, மறுபடியும் கேட்டது. இந்த முறை கடைசி வரிசை மொத்தமும் கையை விரித்து, "மேலே!" என்றது. முன்வரிசை, "கீழே!" என்றது. மேலே, கீழே, மேலே, கீழே! தகரக் கூரை அதிர்ந்தது.

"ஒரே சொல்லுல எறும்பும் பறவையும்! யார் யோசனை இது?" என்று கோப்பையோடு வந்து கேட்டார் நடுவர்.

மேடம் கடைசி வரிசைக்குப் போய் ஜெனலினைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிவந்தார். "இவதான் சார். நான் இவளைப் பேசவே விடல."

கோப்பையை அணைத்தபடி அம்மாவிடம் ஓடியவள், கிட்டே போனதும் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு அவங்க வரியே குடுக்கல."

"கடைசி வரிசையில உன்னைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சுடி" என்று அவளை வாரி அணைத்தாள் அம்மா. "குடுக்கலன்னா என்ன? எடுத்துக்கிட்டியே!"