ஞாயிற்றுக்கிழமைப் படம்

கோட்டின் மூன்றாவது பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதினார்கள். நாச்சிமுத்துவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அந்தப் பித்தானைப் போட்டார், நான்காவதையும் போட்டார். மப்ளரைக் கழுத்தில் சுற்றி, இரண்டு நுனிகளையும் இழுத்துச் சமமாக விட்டுக்கொண்டு, வாசலுக்குப் போகாமல், சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னுங்க, கெளம்பீட்டுத் திரும்ப உக்காந்தா எப்படி? வாங்க போலாம்." மருதாம்பாளின் கண்கள் நேற்று மாலையிலிருந்தே வீங்கியிருந்தன.

"எழவு சொல்லி உட்டாங்களா?"

"என்னது?"

"ஆள் வந்து சொன்னாங்களான்னு கேக்கறேன்."

"நேத்து அஞ்சு மணியில இருந்து அக்கட்ட ஒரே அழுவாச்சி. இதுக்கு மேல எப்படிங்க சொல்லோணும்? நல்லதுக்குச் சொன்னாப் போகோணும், கெட்டதுக்குச் சொல்லாமயே போகோணும்."

"பழமொழி எனக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருசம் இந்தக் குன்னூர்ல கடை வெச்சிருந்தவன் நான். எந்த ஊட்டு எழவானாலும் எனக்கு ஆள் வந்து சொல்லிப்போட்டுத்தான் பாடை எடுத்திருக்காங்க. என்ற தம்பி செத்ததுக்கு மட்டும் நான் மோப்பம் புடிச்சுட்டுப் போகோணுமா?"

"தம்பீங்கற வார்த்த இன்னைக்காச்சும் வாயில வந்துச்சே," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மட்டும் போனாள்.

அந்தப் பக்கம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவன் சென்னியப்பன். அவரைவிட ஐந்து வயது இளையவன். தேயிலை பேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து மணிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஜமுக்காளத்தில் வைத்து, பின்பக்கப் படி வழியாக.

வீடு ஒன்றுதான். அன்னூரிலிருந்து மலையேறி வந்த அப்பா கட்டியது. தகரக் கூரை, மரப்பலகைத் தடுப்பு. இரண்டு மகன்களுக்கும் நடுவில் பலகை அடித்தவர், போகவர அதில் ஒரு கதவும் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்தக் கதவுக்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஆறு ஆணிகள் அடித்து அறைந்தவர் நாச்சிமுத்து. அதே வாரத்தில் முன்வாசலைக் கம்பி வேலி போட்டுப் பிரித்தார். கேட் அவர் பக்கம் வந்தது. தம்பி வீட்டுக்குப் பாசி பிடித்த பின்பக்கப் படிகள்.

காரணம் ஒரு சினிமாப் படம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் நாச்சிமுத்து யாரிடமும் சொன்னதில்லை.

மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்கப் பல்லடத்திலிருந்து வந்திருந்தார்கள். பெரிய குடும்பம். பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் கூடத்தில் பேச்சு அற்றுப் போயிற்று. அப்படிப் பேச்சற்ற இடத்தில் சென்னியப்பனால் இருக்க முடியாது. போன வாரம் தியேட்டரில் பார்த்த படத்தைப் பற்றி ஆரம்பித்தான். மணமேடையில் இருந்து எழுந்துபோகிற ஒரு பெண்ணின் கதை. "அந்தப் புள்ள எந்திரிச்சுப் போனதுதானுங்க நாயம். மனசில்லாத எடத்துல உக்காந்து என்ன பண்றது? டைரக்டர் நல்லாப் பண்ணியிருக்கான். எங்கூட்டுப் புள்ளைங்களும் அப்படித்தானுங்க, மனசுக்குப் படலீன்னா ஒரு நிமிசம் உக்காராது" என்று சொல்லிச் சிரித்தான். மாப்பிள்ளையின் அப்பா பாதிக் காப்பியோடு தம்ளரைக் கீழே வைத்தார். ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

நாச்சிமுத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு எங்கேயோ மனசு இருக்கிறதாம் என்று அன்னூர் வரைக்கும் பேசினார்கள். மூன்று வருடம் ஒரு வரன் படியேறவில்லை. கடைசியில் உடுமலையில் ஒரு சுமாரான இடத்தில் முடித்தார். அந்தக் கல்யாணப் பத்திரிகையில் தம்பியின் பெயர் இல்லை. தம்பிக்குப் பத்திரிகையும் இல்லை.

சினிமாவால் மானம் போன வீட்டில் டிவி எதற்கென்று இருந்ததையும் விற்றார். அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணியானால் பலகைக்கு அந்தப் பக்கம் படம் ஓடும். படத்துக்கு மேலே சென்னியப்பனின் வாய் ஓடும். "அவன் வாயைக் கட்டச் சொல்லு" என்று எத்தனையோ தடவை மருதாம்பாளிடம் சீறியிருக்கிறார். சீறிவிட்டு, இதே நாற்காலியில், முதுகு வலிக்கு இந்தப் பலகைதான் தோது என்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். மழை வந்து தகரம் இரைய ஆரம்பித்தால் அதற்கும் எரிந்து விழுவார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் பெய்ய வேண்டுமா என்று வானத்தைத் திட்டுவார். வயசாகிவிட்டது, தூக்கம் கெட்டால் கோபம் வருகிறது என்று மருதாம்பாள் நினைத்துக்கொள்வாள்.

வாசலில் நிழல் தட்டியது. சென்னியப்பனின் மகன் கிருத்திக். கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குளித்த ஈரம் காயாத தலையும் தோளில் வெள்ளைத் துண்டுமாக நின்றான். நிலைப்படியைத் தாண்டவில்லை. பெரியப்பா என்ற சொல்லையும் உள்ளே கொண்டுவரவில்லை.

"கேட்டுச் சாவி வேணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதுங்களா? பின்னாடிப் படியில பாடை எறங்காது."

"எழவு சொல்ல வந்தியா, சாவி கேக்க வந்தியா?"

"சாவி கேக்க."

"அப்ப இல்ல. போ."

"பூட்டை ஒடைக்க எனக்கு அஞ்சு நிமிசம் ஆகாது. அம்மாதான் கேட்டு வாங்குன்னாங்க."

"ஒட. ஒடச்சு உங்கப்பனக் கொண்டு போ. ஊரே பாக்கட்டும், சென்னியப்பன் மகன் எப்படின்னு."

கிருத்திக்கின் தாடை இறுகியது. "உங்களுக்கு ஆள் வந்து சொல்லோணும். ஜீவிதாக்கா கல்யாணத்துக்கு எங்களுக்கு யாரு வந்து சொன்னா? இங்க மேளம் அடிக்குது. அங்க எங்கப்பா புதுச் சட்டை போட்டுட்டு உக்காந்திருக்காரு. கடைசி நேரத்துலயாச்சும் கூப்புடுவாங்கன்னு. பொண்ணக் கார்ல ஏத்தி, கார் போயி, சத்தம் அடங்குற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம்தான் சட்டையக் கழட்டுனாரு."

நாச்சிமுத்துவின் கை தானாகக் கோட்டின் மேல் பித்தானுக்குப் போயிற்று. அதைக் கீழே இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சாவியத் தர மாட்டேன்," என்றார். "என்ற கேட்ட நானே வந்து தொறக்கறேன்."

பெரிய கேட் ஜீவிதாவின் கல்யாணக் கார் போனபின் திறக்கவே இல்லை. போகவரச் சின்னக் கதவு போதும். பூட்டு துருவேறி உள்ளங்கை அளவு செங்கல் துண்டு போலத் தொங்கியது. தேங்காய் எண்ணெயை விட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. கீழே ரோட்டில் வண்டி காத்திருந்தது. அப்போதுதான் உடுமலையிலிருந்து வந்து இறங்கிய ஜீவிதா, பின்பக்கப் படி வழியாக மூச்சிரைக்க ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு "சித்தப்பா" என்று கத்திக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே ஓடினாள்.

அவர் பூட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வேலிக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழவு வீட்டுப் பேச்சு முதலில் செத்தவனின் சர்க்கரை, பிரஷர் என்று போய், பென்ஷனைத் தொட்டு, மெதுவாக எங்கே வந்து நிற்கும் என்பது சென்னியப்பனின் விஷயத்தில் தெரிந்ததுதான்.

"இனி எந்தப் படத்துக்குப் போறதுன்னே தெரியாதுங்க," என்றான் செல்போன் கடை ஜினோ. "சென்னியப்பண்ணன் நல்லால்லைன்னு சொன்னா நான் தைரியமா டிக்கெட் எடுப்பேன்."

அடக்கிய சிரிப்பு ஒன்று நாற்காலிகளின் மேல் ஓடி நின்றது.

பேக்டரியில் சென்னியப்பனோடு வேலை பார்த்த அருள்ராஜ் தொண்டையைச் செருமினார். "அப்படிச் சொல்லாத. போன ஞாயித்துக்கெழமை டிவியில ஒரு வக்கீல் படம் போட்டான் பாரு. மறுநாளே போன் பண்ணுனாரு. சூப்பர் படம் அருளு, ஆணி அடிச்ச மாதிரி உக்காந்து பாத்தேன்னாரு."

"அந்தப் படமா? அது குப்பைங்க."

"உனக்குக் குப்பை. அண்ணன் சூப்பருன்னாரு. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. பிணத்தை வைத்துக்கொண்டு சினிமாப் பேச்சு. நாலு அதட்டுப் போட்டு வாயை அடைக்க வேண்டும் என்றுதான் நிமிர்ந்தார். வந்தது வேறு.

"சூப்பருன்னு அவன் சொல்லல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதப் பாதி பரவால்லைன்னான். ரெண்டாம் பாதி வெந்த கெழங்கத் திரும்பவும் வேக வெச்ச கதைன்னான். அந்த ஜட்ஜா வந்தவன் ஒருத்தனுக்குத்தான் நடிக்கத் தெரியும்னான். பாட்டு வர்றப்ப எந்திரிச்சுப் போயிக் காப்பி வெச்சுட்டு வந்தான். ஆணி அடிச்ச மாதிரி எங்க உக்காந்தான்? செத்தவன் வாயில சொல்லாத பேச்ச வெக்காதீங்க."

தப்பட்டைக்காரர்கள் தோலைக் காய்ச்ச மூட்டிய தீ மட்டும் படபடத்தது.

"ஏனுங்க..." அருள்ராஜ் தயங்கினார். "உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இருந்துச்சுங்களா?"

நாச்சிமுத்து பூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவி கையில் வழுக்கியது. கிருத்திக் வேலிக் கம்பியைப் பிடித்தபடி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் காது நல்லாத்தானுங்க மாமா கேக்கும்."

தம்பியின் மனைவி பூவாத்தாள், அவிழ்ந்த தலையோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அதில் அழுகை இல்லை.

"பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். எதுக்குங்க இத்தன சத்தம், மெதுவாப் பேசுனா ஆகாதான்னு வாரா வாரம் கேட்டேன். கேக்கவே மாட்டீன்னுட்டாரு." நிறுத்தி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு செருமல் செருமியிருக்கலாமுங்க."

எண்ணெய் இறங்கி, பூட்டு பட்டென்று வாயைப் பிளந்தது. கேட்டின் இரண்டு கதவுகளையும் அவரே தோள் கொடுத்துத் தள்ளினார். ஆறு வருடத்துப் புல்லைக் கிழித்துக்கொண்டு அவை திறந்தன.

வேலிக் கம்பியை ஒரு பக்கம் அவிழ்த்து, பாடையை வாசலில் இறக்கி வாய்க்கரிசி போட்டார்கள். கிருத்திக் தட்டை ஏந்தி ஒவ்வொருவரிடமும் போனான். அவரிடம் வந்ததும், தட்டை ஒரு நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து நின்றான். நாச்சிமுத்து தானே குனிந்து அரிசியை அள்ளினார்.

சென்னியப்பனின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மீசை முழுக்க வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழிருந்து உச்சந்தலை வரைக்கும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள், முடிச்சு நெற்றிக்கு மேல். அரிசியை அவர் போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர்கள் நெருக்க, விரல்களுக்கு இடையில் அதுவாகச் சிந்தியது.

சுடுகாட்டுக்கு நடந்தே போனார். வண்டியில் ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து, தலைமுழுகி, வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது மணி இரண்டேகால். கோட்டு கொடியில் தொங்கியது. மருதாம்பாள் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள். ஜீவிதாவும் அங்கேதான்.

வாசலில் மறுபடியும் நிழல். மொட்டையடித்த தலையோடு கிருத்திக். ஆள் மாறித் தெரிந்தான். தாடையும் காதும் அப்படியே சென்னியப்பன். இந்தத் தடவை நிலைப்படியைத் தாண்டி வந்து, பூட்டையும் சாவியையும் ஸ்டூலின் மேல் வைத்தான்.

"கேட்டைச் சாத்தீட்டேன். பூட்டல."

"சரி."

"நாளைக்குக் காலைல பால் ஊத்தறது ஆறு மணிக்கு." இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவன் கண் பலகையில் நின்றது. நாற்காலி முதுகுக்குச் சற்று மேலே, வெளிர்பச்சைப் பெயிண்ட் அழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் கறுத்துக் கிடந்தது. தலை எண்ணெய் ஊறி ஊறி மரத்துக்குள்ளேயே இறங்கிய கறை. கிருத்திக் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். பிறகு நிலைப்படியைத் தாண்டிப் போனான்.

நாச்சிமுத்து வழக்கமான இடத்தில் தலையைச் சாய்த்தார்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவி விட்டார்கள். விளக்குமாறு நின்றது. அதன்பின் ஒன்றும் இல்லை.

இரண்டரை அடித்தது.

மருதாம்பாள் ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். "ரசஞ்சோறு குடுத்து உட்டிருக்காங்க. சாப்பிடறீங்களா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மழை வருமா?"

"ஞாயித்துக்கெழமை மழைன்னா வெட்டிப் போடுவீங்களே."

"வருமா, வராதான்னு பாத்துச் சொல்லு."

அவள் ஜன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். மலை முழுக்க வெயில். மஞ்சு மூட்டம்கூட இல்லை. "இல்லீங்க," என்றாள்.

அவர் தலையைப் பலகையிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். தகரத்தின் மேல் ஒரு காக்கை நடந்து போனது. அதன் ஒவ்வொரு அடியும் கேட்டது.