முடிச்சூரில் பனி விழுந்த படம்

சொந்த மகன் கல்யாணத்திலேயே உட்காரமாட்டேன் என்று யாராவது அடம்பிடிப்பார்களா? என் அப்பா பிடித்தார்.

"ரத்தினபாய் சர்ச்சுக்குள்ள காலை வச்சா நான் எழுந்து வெளிய போயிடுவேன். மெர்வின்கிட்ட சொல்லிடு, ஈவ்லின்."

சொல்லிவிட்டு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா சத்தியநாதன் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ரத்தினபாய் அவருடைய ஒரே தங்கை. நாங்கள் இரும்புலியூர், அத்தை மாடம்பாக்கம். நடுவில் ஒரு தாம்பரம்தான். ஆனால் நாற்பது வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அத்தை பலான படத்தில் நடித்தவள். அந்தக் காலத்தில் காலைக்காட்சியாக ஓடுமே, போஸ்டரைப் பார்த்தாலே பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்களே, அந்த மாதிரிப் படம். நடித்ததோடு விட்டாளா? கதை வசனமும் அவளேதான் எழுதினாளாம்.

சின்ன வயதில் அத்தை என்ற சொல்லை எடுத்தாலே அம்மா என் தொடையில் கிள்ளுவாள். கிள்ளக் கிள்ள எனக்கு ஆர்வம்தான் ஏறியது. போன வருஷம் அம்மாவின் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற ஒரு பெண்மணியை தம்பி மெர்வின் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். "என் கல்யாணத்துல அத்தை முதல் வரிசையில உக்காரணும்க்கா."

அவன்தான் துபாயிலிருந்து லிங்க் அனுப்பினான். "அத்தையோட படம் ஒண்ணு யூட்யூப்ல கிடக்கு. நான் பாக்கல" என்று கீழே எழுதியிருந்தான். பார்க்காமல்தான் அனுப்பினானாம். நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கோ தனியாகப் பார்க்கக் கூச்சம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நேரே மாடம்பாக்கம் போய் பெல்லை அடித்தேன். கதவைத் திறந்த அத்தை அப்படியே அப்பா ஜாடை. அதே மூக்கு, அதே முறைப்பு.

"சத்தியநாதன் பொண்ணுதானே? வா" என்றாள், ஏதோ போன வாரம்தான் பார்த்தது போல.

போனைக் காட்டினேன். முறைப்பு போய்விட்டது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டினாள்.

"போடு, போடு. நான் இன்னும் பாக்கவே இல்ல."

"உங்க படத்தையா?"

"எந்தப் பொம்பளை அந்தக் கொட்டாய்க்குள்ள போக முடியும்? டப்பிங்ல துண்டு துண்டா பாத்ததுதான்."

படம் முழுக்க முடிச்சூரில் எடுத்ததாம், அங்கே வெறும் வயலாக இருந்தபோது. ஒரு ஓலை வீடு. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண். ஊர்ப் பண்ணையார் அவள் நிலத்துக்கு ஆசைப்படுகிறான், பிறகு அவளுக்கும். அந்தப் பெண்ணாக நடித்தது அத்தை. அப்போது இருபத்தாறு வயது இருக்கும். நன்றாகவே நடித்தாள். நான் எதிர்பார்த்த கருமம் ஒன்றும் வரவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"எப்படி அத்தை இதுக்குள்ள வந்தீங்க?"

"சர்ச் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதிட்டிருந்தேன். ஒரு டைரக்டர் வசனம் எழுதக் கூப்பிட்டார். நடிக்க வேண்டிய பொண்ணு ஷூட்டிங் அன்னிக்கு வரல. நீயே நில்லுன்னுட்டார்." பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இதோ பார், கதவு. எந்தக் கதை எழுதினாலும் நடுவுல ஒரு கதவைச் சாத்தணும். அதுதான் எனக்குப் போட்ட ஒரே கண்டிஷன்."

"எதுக்கு?"

"அந்த எடத்துலதான் தியேட்டர்காரன் பிட்டை ஒட்டுவான். எங்கேயோ எடுத்த வேற ஃபிலிம். கதவைச் சாத்துறதோட என் வேலை முடிஞ்சுது. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "அதுதான் நீன்னு ஊரே சொல்லுச்சு. உங்கப்பாகிட்ட, அது நான் இல்லண்ணேன்னு அழுதேன். அவர் ஒரு வார்த்தை பேசல."

அதற்குள் படத்தில் அந்த ஓலை வீட்டின் கதவு சாத்தப்பட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

உள்ளே கணப்பு அடுப்பு எரிந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. பஞ்சு மெத்தையில் மஞ்சள் முடியோடு ஒரு வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். அப்லோடு செய்த புண்ணியவான் அதற்கு மேல் வெட்டிவிட்டிருந்தான்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். முடிச்சூர் ஓலை வீட்டுக்குள் பனி! முதலில் அவள்தான் சிரித்தாள். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்பால் வந்த கண்ணீர் இல்லை.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா நாற்பது வருஷம்?"

கடைசிக் காட்சிக்கு முன்னால் படம் பொட்டென்று அறுந்தது. அத்தை போனைத் தட்டிப் பார்த்தாள்.

"க்ளைமாக்ஸ் எங்க? அதுக்காகத்தான் படத்தையே எழுதினேன்."

"என்ன க்ளைமாக்ஸ்?"

"சொன்னா சப்புனு இருக்கும், பாக்கணும். பிட்டு முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போயிடுவாங்கன்னு டைரக்டர் சொன்னார். யாராவது ஒருத்தராவது கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்களான்னு நினைச்சுக்குவேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் ஆத்திரம் கொதித்தது. வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை.

"அப்பா, அந்தப் படத்தைப் பாத்துட்டேன்."

பேப்பர் அசையவில்லை. "கருமம்" என்று மட்டும் அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு கருமமும் இல்ல. கதவைச் சாத்தினதும் உள்ள இருக்கிறது அத்தையே இல்லப்பா. வேற பொம்பளை, வேற வீடு."

"தெரியும். ஜன்னல்ல பனி கொட்டும்" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பேப்பர் மெல்ல மடியில் இறங்கியது. பெரிய வகுப்புகளையே பார்வையால் அடக்கிய மனிதர், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், அது அத்தை இல்லை என்று. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்தனும் சொல்லவில்லை. கூடப்பிறந்த அண்ணனும் சொல்லவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?" என்று கத்தினேன். அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இருக்கு" என்றார்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரே பேசினார். "என்கூட வேலை பாத்த வாத்தியாருங்களோட போனேன். அவ படம்னு தெரியாது. பிட்டு முடிஞ்சதும் எல்லாரும் போயிட்டாங்க. எனக்கு எந்திரிக்க முடியல. கடைசி சீன்ல ஊர்ப் பஞ்சாயத்து கூடும். இவ ராத்திரி யாரையோ வீட்டுக்குள்ள விட்டாள்னு குத்தம் சொல்லுவாங்க. அவ ஒரு கேள்விதான் கேப்பா." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "'பாத்தவன் யாரோ, அவன் எந்திரிச்சுச் சொல்லட்டும். அந்த நேரத்துல என் வீட்டு ஜன்னல்கிட்ட அவனுக்கு என்ன வேலைன்னு சேத்துச் சொல்லட்டும்.' பஞ்சாயத்துல ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். அதோட படம் முடிஞ்சிடும்."

"நீங்களும் எந்திரிக்கல."

அவர் எழுந்தார். உள்ளே போய் சட்டையை மாற்றினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சர்ச்சுக்குப் போடுவது. "ஆட்டோ கூப்பிடு" என்றார்.

மாடம்பாக்கத்தில் அத்தைதான் கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. அப்பா உள்ளே போகவில்லை. எதிர் ஃபிளாட் கதவு திறந்திருந்தது, அங்கே இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தவே இல்லை.

"அந்தப் படத்தை நான் பாத்தேன், ரத்தினம். கொட்டாய்ல உக்காந்து பாத்தேன். அது நீ இல்ல."

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"கடைசி வரைக்குமா பாத்தே?"

"கடைசி வரைக்கும்."

"பஞ்சாயத்து சீன் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டாள் அத்தை.