முப்பத்தெட்டு மஞ்சள் வட்டம்

என் வீட்டுக்காரர் டில்லிபாபுவுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. அசெம்பிளி லைனை விட்டு இறங்கும் புது வண்டிகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பதினோரு வருஷமாகக் குறை கண்டுபிடித்தே பழகிப்போன மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். ரசத்தில் கறிவேப்பிலை எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று சொன்னவர் அவர். ஆனாலும், சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து இங்கே ஒரு செல்போன் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, அவருடைய அம்மாவோடு மூன்று மாசம் பேசாமல் இருந்து கட்டிக்கொண்டவரும் அவர்தான். என்னிடம் மட்டும் இதுவரை ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் ரசத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே அடுப்பு போட்டு, ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் காலை டிபன் செய்துகொடுக்கிறேன். நாற்பது பெண்கள். பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கம். அவர்கள் சாப்பிடாமல் ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் ஏறினால் பத்து மணி பிரேக் வரை பச்சைத் தண்ணீர்தான். நானும் அந்தப் பஸ்ஸில் நான்கு வருஷம் காலி வயிற்றோடு போயிருக்கிறேன். அதனால் இது எனக்கு வியாபாரம் மட்டும் இல்லை.

டிபனை வாடகை ஆட்டோவில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். போன மாசம் அந்த ஆட்டோக்காரர் இரண்டு தடவை காலை வாரிவிட்டார். இரண்டாம் தடவை நான் வேறு ஆட்டோ பிடித்துப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இருநூறு இட்லியோடு ஹாஸ்டல் வாசலில் நின்றேன். அன்றைக்கு எட்டு மணிக்கு சந்தனமாரி என்ற பெண் லைனில் மயங்கி விழுந்துவிட்டாள். விளாத்திகுளத்துக்காரி, பத்தொன்பது வயசு. கேள்விப்பட்டதும் எனக்கு அடுப்படியிலேயே அழுகை வந்துவிட்டது. ஹாஸ்டல் வார்டன் கிளியம்மாள் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. ஒன்றாம் தேதிக்குள் சொந்த வண்டி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆர்டரைப் பெரிய கேட்டரிங்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். அந்தக் கேட்டரிங்காரர்களின் சாம்பார் எனக்குத் தெரியும். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பதினாறு நாள் இருந்தது. கார் ஓட்ட லைசென்ஸ் முன்னமே எடுத்து வைத்திருந்தேன், வண்டிதான் இல்லை. வீட்டுக்காரர் லோடு வண்டி வாங்கலாம் என்றார். என் உயரம் நாலடி எட்டு அங்குலம். லோடு வண்டியின் பலகை என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. முப்பது லிட்டர் சாம்பார் டிரம்மை அதில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், அவருக்கோ பாதி நாள் நைட் ஷிப்ட். சின்ன கார் என்றால் டிரம்மை ஏற்றிய பிறகு இட்லிப் பெட்டிக்கு இடம் இருக்காது.

அப்படி இருக்கும்போது கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனோம். கோயில் வாசலில் ஒரு கார் நின்றது. முன்பக்கம் சாதாரணக் கார், பின்பக்கத்தை மட்டும் யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல இருந்தது. பின் கதவைத் தூக்கிவிட்டு ஒருவர் சாமியானாத் துணி மூட்டைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். தூக்கவில்லை, தள்ளினார். நான் முருகனை மறந்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். டிக்கியின் விளிம்பு என் தொடை உயரம்தான். எங்கள் வீட்டு வாசலின் மேல்படியும் அதே உயரம். வண்டியைப் பின்னால் எடுத்துப் படியோடு ஒட்டி நிறுத்திவிட்டால், டிரம்மை ஒற்றை ஆளாக உள்ளே நகர்த்திவிடலாம்.

அதற்குப் பெயர் ஸ்டேஷன் வேகன் என்று வீட்டுக்காரர் சொன்னார். நம் ஊரில் அதெல்லாம் விற்காமல் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, இருப்பதெல்லாம் கிழடு, வேண்டாம் லட்சுமி என்றார். கிழடாக இருந்தாலும் தினமும் எழுந்து நின்றால் போதும் என்றேன். மறுநாளே ஒரு நூலை எடுத்து வாசல் படி உயரத்துக்கு அளந்து, முடிச்சுப் போட்டு முந்தானையில் செருகிக்கொண்டேன்.

முதல் வண்டி சுங்குவார்சத்திரத்தில். அதன் சொந்தக்காரர் ஆறுமுகநயினார், மைக்செட் வைத்திருப்பவர், எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பத்து வருஷம் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிய நீல நிற வேகன். இப்போது பெரிய வேன் வாங்கிவிட்டதால் கொடுக்கிறார். ஆர்.சி.யைக்கூட ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். காலையில் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், நான் வண்டியைத் தொடாமல் வைத்திருக்கிறேன், ஆறிக் கிடக்கிற இன்ஜினை நீங்களே எழுப்பிப் பாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார். நூலைப் பிடித்தேன். முடிச்சு சரியாக டிக்கி விளிம்பில் வந்து நின்றது. அங்கேயே அந்த வண்டி மேல் என் மனசு விழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இன்ஜினை எழுப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து டார்ச்சையும் மஞ்சள் மெழுகுப் பென்சிலையும் எடுத்தார். கம்பெனியில் குறை கண்ட இடத்தில் வட்டம் போடுகிற பென்சில் அது. பிறகு சாமி வந்தவர்போல வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். கீறலுக்கு ஒரு வட்டம். நசுங்கலுக்கு ஒரு வட்டம். கதவுக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி ஒரு நூல் கூடினால் அதற்கும் வட்டம். நான் கண்ணைக் காட்டினேன், கையைப் பிடித்தேன், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்து முப்பத்தெட்டு என்றார். ரிஜெக்ட் என்றும் சொன்னார்.

அண்ணாச்சி தன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். அம்மை போட்ட குழந்தையைப்போல அது நின்றது. அவர் என்னிடம்தான் பேசினார். "நான் வண்டிய விக்கேன்னுதான் சொன்னேன், தங்கச்சி. பரிட்சை எழுத வைக்கேன்னு சொல்லலியே."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. பைக்கில் திரும்பும்போது வழியெல்லாம் சண்டை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள் என்றேன். அவர் அசையவில்லை. அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ரிஜெக்ட் போட்ட வண்டியை மறுபடி லைனில் ஏற்ற வேண்டுமானால், போட்டவரே வந்து, நான் போட்டது தப்பு என்று தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷத்தில் அந்தக் கையெழுத்தை அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும்.

இரண்டாவது வண்டி கிடைப்பதற்குள் பதினாறில் பத்து நாள் ஓடிவிட்டது. படப்பையில் ஒரு புரோக்கர், பெயர் சண்முகசுந்தரம். வெள்ளை வேகன். பதினாறு வயசு வண்டி பதினாறு நாள் குழந்தைபோலப் பளபளத்தது. வீட்டுக்காரர் அரை மணி நேரம் சுற்றியும் நாலே வட்டம்தான் விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் எங்கள் கல்யாணத்தன்றுதான் பார்த்திருக்கிறேன். நூலும் ஏறக்குறையப் பொருந்தியது. அட்வான்ஸ் கொடுக்கலாம் லட்சுமி என்றார். ஒன்றாம் தேதிக்கு ஆறே நாள் இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன்.

பணத்தை எடுப்பதற்கு முன் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் மல்லிகை வாசம் குப்பென்று வந்தது. ஒரு சென்ட் டப்பா முன்னால், ஒன்று நடுவில், ஒன்று டிக்கியில். ஒரு காருக்கு எதற்கு மூன்று சென்ட்? சமையல்கட்டில் ஊதுபத்தி எரிந்தால், அங்கே ஏதோ ஊசிப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்னால் போய் டிக்கிக் கம்பளத்தின் மேல் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். புரோக்கர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மழையில் நனைந்து, காயாமல் கட்டிவைத்த அரிசிச் சாக்கின் வாசம். எத்தனை மல்லிகையாலும் அதை மூட முடியாது.

கம்பளத்தைத் தூக்குங்கள் என்றேன். புரோக்கர் தயங்கினார், என் வீட்டுக்காரர் தூக்கினார். ஸ்டெப்னிக் குழியில் மாவு சலித்ததுபோல மண் படிந்திருந்தது. சீட்டுக்கு அடியில் அது முன்னும் பின்னும் நகர்கிற கம்பி முழுக்கத் துரு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷமோ, அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு மழையோ, இந்த வண்டி கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறது. மேலே பெயின்ட் அடித்துக் கல்யாணப் பெண்ணாக்கி நிறுத்தியிருந்தார்கள். புரோக்கர் தனக்கே இப்போதுதான் தெரியும் என்று சத்தியம் செய்தார்.

வெளியே வந்ததும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளுக்கு டார்ச் ஒரு கேடா என்கிற வரைக்கும் நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஆனால் அவர் பைக்கைக் கிளப்பாமல் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"பதினோரு வர்ஷமா நான் புதுசத்தான் பாத்துகினு கீறேன், லட்சுமி. பழச எப்டிப் பாக்கணும்னு எனக்குத் தெர்ல."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. கீறல் விழாமல் பதினாறு வருஷம் ஓடிய வண்டி என்றால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். நம் வீட்டுக் குக்கரைப் பாருங்கள், நசுங்காத பக்கம் ஒன்று உண்டா, ஒரு நாளாவது விசில் அடிக்காமல் இருந்ததா என்றேன். அவர் பைக்கைக் கிளப்பினார். அது வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஒரகடம் வழியாக சுங்குவார்சத்திரத்தைப் பார்த்துப் போனது. நடுவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தி, தின்னர் பாட்டில் ஒன்றும் கழிவுத்துணியும் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி மஞ்சள் வட்டங்களை அழிக்காமலேயே வைத்திருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப்போகிறார், பேசி முடித்துவிட்டேன் என்றார். எவ்வளவோ கெஞ்சினேன். நாற்பது பெண்களைச் சொன்னேன், சந்தனமாரியைச் சொன்னேன். அவர் கண் என் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியில் தின்னரை நனைத்து, முன்கதவிலிருந்து ஒவ்வொரு வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார். பெயின்ட் போய்விடாமல் பூப்போலத் துடைத்தார். முப்பத்தெட்டும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். முடித்துவிட்டு அண்ணாச்சி எதிரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் போட்ட ரிஜெக்ட் தப்பு. என் பேர் போட்டு எழுதித் தரணும்னாலும் தர்றேன்."

அவர் ஒருவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டு நான் கேட்டதும் அன்றைக்குத்தான். ஆறுமுகநயினார் அந்தத் துணியை வாங்கி, விடுபட்ட ஒரு இடத்தைத் தானே துடைத்தார். எழுதி வாங்கி நான் என்ன செய்ய, இரும்புக்காரருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் காலையில் ஏழு மணிக்குள் வந்து எழுப்பிப் பாருங்கள் என்றார்.

மறுநாள் காலி டிரம்மோடு போய், அங்கே தண்ணீர் நிரப்பி டிக்கியில் வைத்தோம். வீட்டுக்காரர் முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருக்கிறது என்றார். சாவியை என்னிடம் கொடுத்தார். ஒரே திருப்பு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகையும் இல்லை, இருமலும் இல்லை. ஏழு ஸ்பீடு பிரேக்கர் தாண்டிப் போய்வந்து மூடியைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. அண்ணாச்சி சொன்ன விலையை வீட்டுக்காரர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். அதற்காக அவரைத் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

ஒன்றாம் தேதி மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினேன். நாலே முக்காலுக்கு டிரம்மையும் இட்லிப் பெட்டிகளையும் மேல்படியிலிருந்து ஒற்றை ஆளாக வண்டிக்குள் தள்ளினேன். நைட் ஷிப்டில் இருந்த வீட்டுக்காரர் பிரேக்கில் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஐந்து பத்துக்கு ஹாஸ்டல் வாசலில் நின்றேன்.

பெண்கள் வழக்கம்போல ஐந்தரைக்கு ஓடிவந்தார்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் தட்டு, கண் ரோட்டின் மேல். ஆட்டோ வரும்போதே பஸ்ஸும் வந்துவிடும் என்பதால், நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவதுதான் அவர்களுக்குப் பழக்கம். டிக்கிக் கதவைத் தூக்கியதும் ஆவி வந்தது. கிளியம்மாள் மணியைப் பார்த்துவிட்டு, பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்டு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தனமாரிதான் முதலில் பையைக் கீழே வைத்தாள். ஹாஸ்டல் படியில் சம்மணம் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்.