போஸ்டரில் இருந்த வால்

தங்கையோடு ஓவியக் கூடங்களுக்குப் போவதென்றால் அக்கா பழைய செருப்பைத்தான் போட்டுக்கொள்வாள். புதுச் செருப்பு அந்த நடைக்குத் தாங்காது. மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். தங்கையோ சுவரைப் பார்ப்பாள், விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்பாள், இரண்டு படங்களுக்கு நடுவே எத்தனை சாண் என்று கையை விரித்து அளப்பாள். காவலர் ஓடி வந்து "தொடாதீங்க" என்பார். "தொடலீங்க, அளக்குறேன்" என்பாள். அக்கா நாலடி தள்ளி நின்று, இவள் யாரோ எவரோ என்ற முகத்தோடு கூரையை ஆராய்ந்துகொண்டிருப்பாள்.

"டிக்கெட் வாங்கி உள்ள வந்து செவுத்த பாக்குற ஒரே ஆளு நீதாண்டி."

"படத்த வரைஞ்சவங்க வரைஞ்சு முடிச்சிட்டாங்கக்கா. அத எப்படி வெச்சிருக்காங்கங்கறதுதான் எனக்கு வேணும்."

இத்தனை அலைச்சலுக்கும் காரணம் இருந்தது. தங்கை வேலை பார்த்த ஓவியக் கூடம் சின்னது. நீளமான ஒரு ஹால், பின்னால் ஓர் அலுவலக அறை, அவ்வளவுதான். பல வருடங்களாக அங்கே அவள் போஸ்டர் செய்தாள், அழைப்பிதழ் செய்தாள், படங்களுக்குக் கீழே பெயர்ச்சீட்டு ஒட்டினாள். எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்பதெல்லாம் கூடத்தின் இயக்குநர் பாடு. இந்தத் தடவை மட்டும் அவர் என்ன நினைத்தாரோ, கண்காட்சியின் அமைப்பையும் விளம்பரத்தையும் சேர்த்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "நல்லா வந்தா இனிமே இது உங்க பொறுப்பு. இல்லன்னா பழையபடி பாத்துக்கலாம்" என்றார். பழையபடி என்றால் பெயர்ச்சீட்டு. அன்றிலிருந்து தங்கைக்குத் தூக்கமில்லை, அக்காவின் காலுக்கு ஓய்வில்லை.

ஒரு பெரிய கூடத்தில் தங்கை பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எதிரே, ஊரெல்லாம் போஸ்டரில் வந்திருந்த படம். வருகிறவர்கள் மற்ற படங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே அதனிடம் வந்தார்கள், அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள்.

"பாத்தியாக்கா? மத்த படமெல்லாம் வழியில நிக்கிற தூண் மாதிரி ஆயிடுச்சு."

"நானும் போட்டோ எடுத்துட்டுக் கெளம்பலாம்னுதான் இருந்தேன்" என்றாள் அக்கா. பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"போஸ்டர்லயே முழுசா காட்டிட்டா அப்புறம் உள்ள வந்து பாக்க என்ன இருக்கு? ஒரு துண்டு மட்டும் காட்டினா?" தங்கையின் கண் எங்கோ போய்விட்டது. அக்காவுக்கு அந்தப் பார்வை தெரியும். அது வந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொரு கூடத்தில் வேறு ஒன்றைப் பார்த்து அசந்து நின்றாள். அங்கே ஒவ்வொரு படத்தையும் சுற்றி வெள்ளை அட்டை வைத்து, அதற்கு வெளியே கறுப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். எல்லா அட்டையிலும் வெட்டிய திறப்பு ஒரே அளவு. சுவர் முழுக்க நூல் பிடித்தமாதிரி ஒரே வரிசை. நம் ஹாலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஃபிரேம் கடைக்காரரிடமும் அப்படியே சொன்னாள்: எல்லாத்துக்கும் ஒரே அளவு அட்டை.

கண்காட்சி வைக்கும் ஓவியர் ஒரு பெண்மணி. வீடுகளின் உள்ளறைகளைத் தாளில் நீர்வண்ணத்தில் வரைகிறவர். கை எவ்வளவு மென்மையோ வாய் அவ்வளவு காரம். அவருடைய படம் ஒன்றில் மஞ்சள் சுவர் கொண்ட ஓர் அறை. ஒரு நாற்காலி, மடிக்காமல் விட்ட போர்வை. வலது ஓரத்தில், தாளின் விளிம்பை ஒட்டி, ஒரு பூனையின் வால். பூனை வெளியே போய்விட்டது, வால் மட்டும் இன்னும் போகவில்லை. தங்கை அந்த ஓரத்தை மட்டும் எடுத்துப் போஸ்டர் ஆக்கினாள். பெரிய மஞ்சள் வெளி, ஒரு வால். கீழே இரண்டே வார்த்தை: "மீதி உள்ளே."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இப்படி வேற எங்கயாவது பண்ணியிருக்காங்களா?"

"இல்ல சார்."

"ம்." அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று தங்கை ஒரு வாரம் யோசித்தாள்.

ஆனால் போஸ்டர் பேசியது. அது பூனையா குரங்கா என்று பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் சண்டை போடாத குறை. அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் அக்கா தன் பேருந்தையே விட்டுவிட்டாள். வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியும் அன்றைக்கு அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

தொடக்க நாள் மாலை ஹாலில் நிற்க இடமில்லை. வழக்கமாக வரும் பத்துப் பேரைத் தவிர, வழியில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்களே அதிகம். சுவரில் படங்கள் நூல் பிடித்தமாதிரி நின்றன. இயக்குநர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார்போல நடந்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளும் வாலைத் தேடி ஒரு சுற்று வந்தாள். காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று வந்தாள். சுற்றிலும் எல்லாரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மூக்கு தாளில் இடிக்கிறமாதிரி குனிவதும், நிமிர்ந்து, ரசித்தவர்போலத் தலையாட்டுவதும், அடுத்த படத்துக்கு நகர்வதும். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அக்காவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. தங்கையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, அந்த வால் எங்கடி?"

"கண்ணெதிரதானே இருக்கு, வா." சிரித்துக்கொண்டே மஞ்சள் சுவர்ப் படத்துக்குக் கூட்டிப்போனாள். நாற்காலி இருந்தது. போர்வை இருந்தது. வலது ஓரத்தில் வெள்ளை அட்டைதான் இருந்தது.

தங்கையின் முகம் வெளிறிப்போனது. எல்லாப் படமும் ஒரே அளவு என்று நம்பியிருந்தாள். இந்தத் தாள் மட்டும் இரண்டு விரற்கடை அகலம் கூடுதல். ஒரே அளவில் வெட்டிய அட்டை அந்த இரண்டு விரற்கடையை மூடிவிட்டது. போஸ்டருக்குப் படம் பிடித்தது சட்டம் போடுவதற்கு முன்னால். மாட்டும்போதோ, வரிசை கோணாமல் இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இயக்குநர் பக்கத்தில் வந்தார். விஷயம் புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. குரலைத் தணித்து, "பதறாதீங்க. வால் இல்லாததுதான் கருத்துன்னு சொல்லிடலாம். தேடல், அது இதுன்னு. யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குக் காலைல அட்டைய மாத்திடுவோம்" என்றார்.

யோசனை மோசமில்லை. அக்காவே தலையாட்டிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பொறுப்பு கைக்கு வரும். திறந்தால், முதல் கண்காட்சியிலேயே படத்தை மறைத்தவள் என்ற பெயர் வரும்.

தங்கை ஒரு நிமிடம் கூட்டத்தைப் பார்த்தாள். குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்த முதுகுகளைப் பார்த்தாள்.

"இல்ல சார். நான் வரச்சொல்லித்தான் வந்திருக்காங்க" என்றாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஹாலின் நடுமேசையில் கவிழ்த்து வைத்தாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க. போஸ்டர்ல இருந்த வால தேடுறீங்கல்ல? உங்க கண்ணுல கோளாறு இல்ல. அது இந்த அட்டைக்கு அடியில இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே அளவு அட்டை போடச் சொன்னது நான். சுவர் அழகா இருக்கணும்னு பாத்தேன், படத்த பாக்கல. தப்பு என்னோடது."

கூட்டத்தில் யாரோ "அப்பாடா" என்றார். அவ்வளவுதான், பத்துப் பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். "நானும் எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு மேசையைச் சுற்றி நெருக்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓவியர் வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த வால வரையத்தான் அந்தப் படத்தையே வரைஞ்சேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றாள் தங்கை, சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நெம்பியபடி. "அதனாலதான் அத மட்டும் போஸ்டர்ல போட்டேன்."

ஓவியர் கைப்பையைப் பக்கத்திலிருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெளியே வந்த தாளின் இன்னொரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"இப்ப இத எங்க மாட்டப்போற?"

பழைய இடத்தில் ஆணி காத்திருந்தது. தங்கை அதைப் பார்க்கவில்லை. ஹாலை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள், நேரே வெளியே போகும் கதவுக்குப் போனாள். கதவின் இடது பக்கத்தில் வெறும் சுவர். அங்கே சட்டமும் இல்லாமல் அட்டையும் இல்லாமல், இரண்டு கிளிப்பில் தாளைத் தொங்கவிட்டாள், வால் கதவை ஒட்டி வரும்படி. அறையை விட்டுப் போன பூனை இப்போது அந்தக் கதவு வழியாகத்தான் தெருவுக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பெரியவர் கதவைத் திறந்து வெளியே எட்டிக்கூடப் பார்த்துவிட்டார்.

எந்தக் கூடத்திலும் இப்படி ஒரு படம் தொங்கியதில்லை. அது அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும், எல்லாக் கூடத்திலும் அவளும்தானே நடந்திருக்கிறாள். இவள் இதை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டு வரவில்லை. இது இவளுடையதே.

போய்விடுவார்கள் என்று நினைத்த கூட்டம் போகவில்லை. மற்ற அட்டைகளுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று முதல் படத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை தலையாட்டவில்லை, பேசிக்கொண்டே பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் இயக்குநரிடம் வந்து, அமைப்பு யாருடையது என்று கேட்டார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தான் சொன்ன யோசனைப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் நினைத்திருப்பாரோ என்னவோ.

"அவங்ககிட்டயே கேளுங்க. இது அவங்க கண்காட்சி. இனிமே இங்க வைக்கிறதெல்லாம் அவங்க பொறுப்புதான்" என்றார்.

தங்கையைச் சுற்றிக் கூட்டம், அக்காவால் கிட்டே போக முடியவில்லை. யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பெரியவர் பக்கத்தில் நின்றார்.

"என் தங்கச்சிங்க" என்றாள்.

அவர் ஒன்றும் விசாரிக்கவில்லைதான். "அப்படியா, சந்தோஷம்மா" என்றார். அது அவளுக்குப் போதவில்லை. இந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம் சொன்னாள். பிறகு ஓவியரின் கைப்பையை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள். கடைசியில் வாசலுக்கே போய், உள்ளே நடந்தது எதுவும் தெரியாமல் நின்ற காவலரிடம் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.