வீரம்மாவுக்கு விழுந்த நாள்

மைலோ டின்னைக் குலுக்கிச் செல்லாயி அக்கா சீட்டை எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் என் பெயர்! நான் போட்ட சத்தத்தில் மடியிலிருந்த பாப்பா திடுக்கிட்டுத் துள்ளினாள்.

இது பணச் சீட்டு இல்லை, நாள் சீட்டு. ஈப்போ புந்தோங்கில் எங்கள் தெருவில் நாங்கள் மூன்று பேர். செல்லாயி அக்கா மகனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது, நடையும் வராது. சுபைதா மகனுக்குச் சரியாகப் பேச்சு வராது, கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். என் பாப்பாவுக்கு எட்டு வயது, இன்னும் கழுத்து நிற்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பெயர் விழுந்தவளுக்கு முழு விடுதலை. அவள் பிள்ளையை மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டும். யோசனை என்னுடையது. எண்பத்திரண்டாம் வருஷத்தில் இதைவிட நல்ல யோசனை பேராக்கில் வேறு யாருக்கும் வந்திருக்காது.

"எங்க போப்போறீங்க அக்கா?" என்றாள் சுபைதா.

"கடல் பாக்க லா! லூமுட்டுக்கு!"

கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். கடலைப் பார்த்ததே இல்லை. "தண்ணிதானே, அதுல என்னா இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர் ஐயாவு. லாரி ஓட்டி ஊரெல்லாம் சுற்றுகிறவருக்கு அப்படித்தான் இருக்கும். நான் சேலைக்கு இஸ்திரி போட்டேன்.

ஒரே ஒரு பயம். பாப்பா என் கையைத் தவிர வேறு யார் கையிலும் சாப்பிட்டதில்லை. ஐயாவு ஒரு தரம் ஊட்டிப் பார்த்து, சட்டையெல்லாம் பருப்பாகி, அத்தோடு விட்டுவிட்டார். நான் ஒரு நாள் கண்ணை மூடிவிட்டால் இவள் கதி என்ன? அதனால் சுபைதாவிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். சோறு நன்றாகக் குழைய வேண்டும், தலையை முழங்கையில் தாங்க வேண்டும், தாடையைக் கட்டைவிரலால் பிடிக்க வேண்டும்.

"சரிக்கா, பஸ் போயிரும், கெளம்புங்க" என்று என்னைத் தள்ளினாள்.

பஸ்ஸில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இடுப்பில் பிள்ளை இல்லை, துணி மூட்டை இல்லை. சித்தியவான் தாண்டி டிரைவர் திடீரென்று பிரேக் போட்டான். என் இடது கை தானாகப் பாய்ந்து பக்கத்துச் சீட்டுச் சீனக் கிழவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கிழவி முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

கடல்! அம்மாடி, இது தண்ணியாம்! சேலையோடு இடுப்பளவு இறங்கிவிட்டேன். அலை வந்து தள்ளத் தள்ளச் சத்தம் போட்டுச் சிரித்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன? கரையேறி, கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் வாய் எடுத்ததும் என்னை அறியாமல் "சன்னாசி!" என்று கூப்பிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. முக்கியமானதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்!

தோட்டத்தில் இருந்தபோது பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பேன். கணக்கு எழுதும் கிராணி ஆட்களின் பேரை வரிசையாகக் கூப்பிடக் கூப்பிட, அவள் வாயைத் திறந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஊட்டிப் பழகியதுதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று நாங்கள் ஈப்போவுக்கு வந்த பிறகும், சன்னாசி, அப்பாவு, பத்துமலை என்று வாய்க்கு ஒரு பேர். பேர் கேட்டால்தான் வாய் திறக்கும். எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிப்போனதால் சொல்லத் தோன்றவே இல்லை. பிள்ளை காலையிலிருந்து பட்டினி!

ஈரச் சேலையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அது ஊர்ந்த ஊர்வலுக்கு நானே இறங்கித் தள்ளியிருப்பேன். புந்தோங்கில் இறங்கி ஓடினேன், செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது.

சுபைதா வீட்டு வாசலில் ஒரே கூச்சல்.

"தே தாரிக் ஒண்ணு! ரொட்டி சானாய் ரெண்டு! கோப்பி ஓ ஒண்ணு!"

"ரெண்டு! ரெண்டு!" என்று செல்லாயி அக்கா மகன் தரையைத் தட்டிக்கொண்டு கத்தினான். சுபைதாவின் முழங்கையில் சாய்ந்து, முகமெல்லாம் சோறாக, என் பாப்பா வாயை ஆவென்று திறந்து சிரித்தாள்.

"மொதல்ல பல்லக் கடிச்சிட்டா அக்கா" என்றாள் சுபைதா. "எம் மவனுக்கு ஊட்டுறப்ப, எங்க சாப்பாட்டுக் கடையில அவங்க வாப்பா ஆர்டர் சொல்ற மாதிரி கத்துவேன். அதக் கேட்டு இவ வாயத் தொறந்துட்டா லா! இது ரெண்டாவது தட்டு."

"நான் செத்தாலும் எம் புள்ள சாப்புடும்!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வாயக் கழுவுங்க!" என்று சுபைதா அடிக்க வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷமும் செத்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தேன். அன்றைக்கு, இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மறுநாள் தட்டோடு உட்கார்ந்து, "சன்னாசி!" என்றேன். பாப்பா பல்லைக் கடித்தாள். "அப்பாவு!" ம்ஹூம். ஐயாவு கதவோரம் நின்று சிரித்தார். நான் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்.

"தே தாரிக் ஒண்ணு!"

பாப்பா ஆவென்று வாயைத் திறந்தாள்.