நிறத்துக்கு ஒரு பாட்டில்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம், ஒயின் ஷாப்புக்கு நாற்பது அடி தள்ளி, துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள் ராஜஸ்ரீ. அவள் அண்ணன் பத்ரி கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பி வந்தான். முதல் தடவை என்ன பெயர் சொல்லிக் கேட்பதென்று தெரியவில்லையாம். இரண்டாவது தடவை, கூட்டத்தில் யாரோ தெரிந்தவர் மாதிரி இருந்ததாம். லட்சுமிபுரத்திலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் இவ்வளவு தூரம் வந்ததே தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்றுதான். பேர்தான் ஒயின் ஷாப், அங்கே ஒயின் கேட்டு வருகிறவன் மாசத்துக்கு ஒருத்தன் இருந்தால் அதிசயம்.

"செவப்புல மூணு தினுசு இருக்காம்டி. ஒண்ணு தித்திப்பு, நூத்திப் பத்து. ஒண்ணு துவர்க்குமாம், நூத்தித் தொண்ணூறு. இன்னொண்ணு ஃபாரின், அது நமக்கு எட்டாது. அப்பா குடுத்தது எரநூறுதான். இதுல எதுடி கலர் குடுக்கும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மகனோடு பெண் பார்க்க வந்த திருச்சி மாமி சொஜ்ஜியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னதை அவள் மறக்கவில்லை. "பொண்ணு லட்சணமா இருக்கா, படிச்சிருக்கா. நெறம்தான் சித்த மட்டு. தை மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கே, தெனம் ஒரு வாய் ரெட் ஒயின் குடுங்கோ. எங்க நாத்தனார் பொண்ணு அப்படித்தான் தக்காளிப் பழமா ஆனா. அப்பறம் ஒரு நடை வந்து பாத்துட்டு நிச்சயத்தை வெச்சுக்கலாம்." பையன் குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜி தின்றான். வாய் அதற்கு மட்டும்தான் திறந்தது. இதற்கு முன் வந்த பதினொரு பேரும் ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள், போனவர்கள்தான். இருபத்தொன்பது வயதில், கதவை முழுக்கச் சாத்தாமல் போன ஒரே வரன் இது. இதையும் விட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். வெளியில் ஒரு வாய் காப்பி குடிக்காத அப்பா ஹாலாஸ்யம், "மருந்துன்னு நெனச்சுக்கோம்மா, ஆபத்துக்குப் பாவமில்லை" என்று மகன் கையில் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை வைத்தார். ஆபத்தாம்! பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளின் தோல்தான் அந்த வீட்டுக்கு வந்த ஆபத்து.

"காசை இப்படிக் குடு" என்று பிடுங்கிக்கொண்டு துப்பட்டாவை இறக்கிவிட்டு நேரே கடைக்கு நடந்தாள். கம்பிக்கு முன்னால் முண்டிக்கொண்டிருந்த ஆண்கள், சாமி வந்தவளுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள். யாரோ உள்ளே இருந்தவரைப் பார்த்து, "மலைச்சாமிண்ணே, முதல்ல அவுகளுக்குக் குடுத்துவிடுங்க" என்றான்.

"ரெட் ஒயின் வேணும். புதுசாக் குடிக்கிறவாளுக்கு எது?"

"புதுசுன்னா இனிப்புத்தாம்மா எறங்கும். துவர்ப்பு நாக்கைப் புடிக்கும்," என்ற மலைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான். கலர் வரணுமாம்."

அவர் முகம் சுருங்கியது. "எவன் சொன்னது? எம் பொண்டாட்டி மாசமா இருக்கைல நாலு பாட்டிலு வாங்கிக் குடுத்தேன். பொறந்தது என்னையவிடக் கறுப்பு. அழகுன்னா அம்புட்டு அழகு. பேசாம வீட்டுக்குப் போங்கம்மா."

விற்கிறவருக்குத் தெரிந்தது பெற்றவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. "துவர்ப்பே குடுங்கோ. தித்திப்பா முழுங்கற சமாச்சாரமா இது?" என்றாள்.

வீட்டில் அம்மா பாகீரதி வாசல் வழியாக வரவிடவில்லை. சந்து வழியாகக் கொல்லைக்கு வரச் சொன்னாள். அங்கே குளியலறைப் படியில், காது உடைந்த ஒரு பிளாஸ்டிக் மக்கு தயாராக இருந்தது. ஃபினாயில் டப்பாவுக்குப் பக்கத்தில் பாட்டிலுக்கும் இடம் ஒதுக்கியிருந்தாள். தக்கையை எடுக்கத் தெரியாமல் பத்ரி ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளினான். அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

"இங்கயே நின்னு குடிச்சுடு. வாயை நன்னாக் கொப்புளிச்சுட்டு, துணி மாத்திண்டு உள்ள வா. ஆத்துப் பாத்திரத்தோட கலந்துடப்படாது."

"உன் டம்ளர்ல விட்டாத் தீட்டு. என் வாயில விட்டாத் தீட்டு இல்லையாம்மா?"

"கத்தாதேடி. பக்கத்தாத்துல காதுல விழும்."

இந்த ஒரு வாரமாக அவள் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாள். நீ இப்படியே இருந்தால் என்னடி என்று ஒரு தரம், பொய்க்காவது, சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக் காதுக்குப் பயந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ராஜஸ்ரீ மக்கை உதைத்துவிட்டுப் பாட்டிலோடு உள்ளே போனாள். வரப்போகும் மாப்பிள்ளையின் காப்பிக்கென்று பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த வெள்ளி டம்ளரை எடுத்து, கூடத்தின் நடுவில், அப்பாவின் கண்ணெதிரே விளிம்புவரை ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கைப் பிடித்தது. ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டார்.

டம்ளரை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திருச்சி நம்பரைச் சுழற்றினாள்.

"யாருக்குடி? அவாளுக்கா? என்னடி சொல்லப் போறே?" பாகீரதி ஓடி வந்து ஃபோனைத் துண்டிக்கும் கட்டையின் மேல் விரலை வைத்தாள். அழுத்தினால் போதும், லைன் போய்விடும். ராஜஸ்ரீ அதைத் தட்டிவிடவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் மணி நான்கு முறை அடித்து நின்றது.

"ஹலோ, யாரு பேசறது?" என்றது மாமியின் உரத்த குரல். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

கட்டையின் மேல் இருந்த பாகீரதியின் விரலும் ராஜஸ்ரீயின் நிறம்தான், அச்சு அசலாக அதே கறுப்பு. அது இன்னும் அழுத்தவில்லை.