மூன்றாம் மாடி, இருபத்திரண்டாவது போர்ட்

“யாருப்பா இந்த இருபத்திரண்டு?” என்று கேட்டார் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். எதையும் நூற்றுக்கு எத்தனை என்று சொன்னால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும்.

யாரும் இல்லை, அது ஒரு போர்ட். இந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் மேஜைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், கேபிளைச் சொருக ஸ்விட்ச் என்கிற இணைப்புப் பெட்டியில் ஒரு போர்ட். எது ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று கண்காணிப்பது என் வேலை. புது ஸ்விட்ச் வாங்காமல் சமாளிக்கத்தான் பட்டியல் போட்டேன். தொண்ணூறு நாளாக அசைவே இல்லாதவற்றுக்கு எதிரே ‘காலி’ என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தைதான் வினை. பட்டியல் பணியாளர் பிரிவுக்குப் போயிற்று. அங்கே காலி போர்ட் காலி இருக்கையாகி, அங்கே உட்காருகிற ஆளே வேண்டாம் என்பதில் வந்து நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

“சார், அங்க தபால் பிரிவு அக்கா தினமும் வேலை பாக்கறாங்க. நானே பாத்திருக்கேன்.”

“நீ பாத்தது ரிப்போர்ட்ல இல்லையேப்பா. தொண்ணூறு நாளும் சைபர். நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

சுவரோடு பேசியிருந்தால் அதுவாவது எதிரொலித்திருக்கும். எரிச்சல் தாங்காமல் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். அக்கா கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, உறைகளைப் பிரித்துப் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உருண்டை உருண்டையான எழுத்து. பக்கத்தில் கேபிள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டரப் போட்டாதான் என்னக்கா? ஒரு ஒயரைச் சொருக இவ்ளோ பிடிவாதமா? மேல உங்கள ஆளே இல்லைங்கறாங்க!”

அக்கா பேனாவை மூடி வைத்தார். “எதைப் போடச் சொல்ற தம்பி? ரிப்பேர்னு உங்காளுங்க தூக்கிட்டுப் போய் அஞ்சு மாசம் ஆச்சு. நாலு தடவை போன் பண்ணேன். வருது, வருதுன்னீங்க. எழுதி எழுதி விரல் மரத்துப்போச்சு. இப்ப நானே இல்லையா?”

என் மேஜைக்குத் திரும்பினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்கள் புகார்ப் பதிவில் அவருடைய நாலு அழைப்புக்கும் எதிரே ‘முடிந்தது’ என்றிருந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. யார் மீது கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பொத்தென்று நாற்காலியில் விழுந்து, வழக்கம்போல் மேஜைக்கடியில் இருந்த பெட்டியின் மேல் கால்களை வைத்தேன். அது எப்போது அங்கே வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கால் வைக்கத் தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டி. மேலே ஒட்டியிருந்த தாளில் அந்த உருண்டை எழுத்து: ‘தபால் பிரிவு. தயவுசெய்து சீக்கிரம் தரவும்.’

‘சீக்கிரம்’ என்ற சொல்லின் மேல் என் செருப்புத் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.